லெ ஃபனாலை விட்டு விலகும் கடிதம்

எழுபதாவது ஆண்டு மலர் போன வியாழக்கிழமை வந்தது. வழவழப்பான தாளில் நாலு பக்கத்துக்குத் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். 'லெ ஃபனால் என்றைக்கும் இடதும் இல்லை, வலதும் இல்லை. சுதந்திரமானது' என்று முதல் வரி. படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்கு எண்பத்தேழு வயது, பல் கட்டியது. சிரித்தால் கழன்றுவிடும் என்பதால் கண்டதற்கெல்லாம் சிரிக்கிற ஆள் இல்லை நான்.

நான் எழுதுகிற ஆளும் இல்லை. பதினாலு வயதில் பள்ளியை விட்டவன். முப்பத்தேழு வருடம் அந்த வாரப் பத்திரிகைக்கு மொபெட் ஓட்டினேன். பாரிஸில் ரெயோமூர் தெருவில் அலுவலகம், ஊருக்கு வெளியே பாந்தேனில் அச்சகம். போகும்போது எழுதிய தாள், வரும்போது பிழை திருத்துவதற்கான புரூஃப். எழுதியவர்கள் நாலைந்து தடவை மாறினார்கள், முதலாளிகள் மூன்று தடவை மாறினார்கள். வண்டி ஓட்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் அந்த நாலு பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லை என்று யாராவது சொன்னாலும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கும் லெ ஃபனாலுக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சாஸேஜால். 1957-இல் அல்ஜீரியாவில், கபிலி மலையில் பட்டாளத்தில் இருந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. இருபது வயதானால் அனுப்பினார்கள், போனேன். கூட இருந்த ஒருவனுக்கு அவன் அக்கா பன்றி இறைச்சி அடைத்த சாஸேஜ் அனுப்புவாள், லெ ஃபனால் தாளில் சுற்றி. முகாமுக்குள் அந்தப் பத்திரிகைக்கு அனுமதி கிடையாது, சாஸேஜுக்கு உண்டு. எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வழியில் செத்துக் கிடக்கும் ஒரு கோவேறு கழுதையின் படம். அதற்கு மேலே, தலைப்பில், 'போர்' என்று இருந்தது.

அந்தச் சொல்லை அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். 'அல்ஜீரிய நிகழ்வுகள்' என்பார்கள். வானொலி அப்படித்தான் சொல்லும், அமைச்சரும் அப்படித்தான், எங்கள் கேப்டனும் அப்படித்தான். நிகழ்வு. ஏதோ பூக்கண்காட்சி மாதிரி. என் பக்கத்துக் கட்டில்காரன் அந்த நிகழ்வு ஒன்றில் வயிறு கிழிந்து செத்தான். பாரிஸில் எவனோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறானே என்று தோன்றியது. யாரையும் நம்பாதவன் நான். அந்தப் பக்கத்தை மட்டும் நம்பினேன்.

திரும்பி வந்த பிறகு, 1959-இல், நேராக அந்த அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்டேன். "என்ன தெரியும்?" என்றார்கள். "எழுதத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரியும்" என்றேன். "அப்பாடா, எழுதத் தெரியாதவன் ஒருத்தனாவது வந்தானே" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அது அசல் இடதுசாரிப் பத்திரிகையாக இருந்த காலம். ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்து வைத்திருந்தபோது நிலவறையில் துண்டுப் பிரசுரம் அடித்தவர்கள் 1953-இல் ஆரம்பித்தது. ஆசிரியராக இருந்த பெரியவர் முதல் பெருக்குகிறவர் வரை எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். போலீஸ் நாலு தடவை அச்சகத்துக்கு வந்து கட்டுக் கட்டாக இதழ்களை அள்ளிக்கொண்டு போனது. ஒரு தடவை நாற்பது பிரதியை லீக்ஸ் என்ற வெங்காயக் கீரைக் கட்டுக்கு அடியில் வைத்து நான் காப்பாற்றினேன். அது அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஓட்டியவன் பெயர் இல்லை, கீரையின் பெயர்தான் இருக்கிறது.

பிறகு சண்டை முடிந்தது. பத்திரிகை கொழுத்தது. வண்ணப்படம் வந்தது. முன்பக்கம் வியட்நாம், பின்பக்கம் வாசனைத் தைலம். புரட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் காரில் வந்தார்கள். மாணவர்களும் தொழிலாளிகளும் கிளர்ந்தெழுந்த அறுபத்தெட்டு மே மாதத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வாரம் இரவு பகலாகக் கூட்டம் போட்டார்கள். பெட்ரோல் இல்லாததால் நான் பாந்தேனுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். 'தொழிலாளி நடக்கிறான்' என்று யாரும் அதைத் தலைப்பாகப் போடவில்லை. எழுபதுகளில் தங்களுக்குள் அடித்துக்கொண்டு பாதிப் பேர் போய் வேறு பத்திரிகை ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்தவர்கள் 'நாங்கள் நடுவில் இருக்கிறோம்' என்றார்கள். நடுவில் இருக்கிறவனை நம்பக் கூடாது என்று ரோட்டில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் தெரியும்.

1978 ஜனவரியில் தெர்வில் என்ற பணக்காரர் பத்திரிகையை வாங்கினார். சிமென்டும் சர்க்கரையும் விற்கிறவர். மார்ச்சில் தேர்தல். இடதுசாரிகள் ஜெயிக்கப் போகிறார்கள் என்று ஊரே சொன்னது. அதற்குள் ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது அவருக்கு. இடதுசாரிகள் தோற்றார்கள். பத்திரிகை அவர் கையிலேயே நின்றுவிட்டது. அவர் அனுப்பிய புது ஆசிரியர் ப்ரெஸாக் வந்த முதல் நாளே எல்லோருக்கும் 'நீங்கள்' போட்டார். மரியாதை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி அது.

அங்கே ஏற்கெனவே 'நீங்கள்' போட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்தி மட்டும்தான். மூன்றாவது மாடி மூலை அறையில் புரூஃப் திருத்துகிற ஒதெத் மாலார். பழைய பெரியவரையே 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவாள். ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"'நீ'ன்னு கூப்பிட்டா மறுநாளே 'நீதானே, இதையும் கொஞ்சம் பாரு'ன்னு வேலை தள்ளுவாங்க, முசியே எலுவா. எனக்கு இருக்கிற தப்பே போதும்."

எலுவா என் பெயர், முசியே என்றால் ஐயா. ஒதெத் சின்னப் பெண்மணி, அப்போது நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவள். எப்போதும் காதுக்கு மேலே ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பாள். அவள் அறையில், அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. அதில் யாரையும் உட்கார விடமாட்டாள். மழையில் நான் நனைந்து வந்தால், "கோட்ட அதுல போடுங்க. தாள் நனையுது" என்பாள். தாள் என் தோல்பைக்குள் பத்திரமாக இருக்கும், அது அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் அந்த நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது. பன்னிரண்டு வருடம் நான் "மெர்சி, மத்மசெல்" என்று நன்றி சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு வாய் இருக்கிறது, திட்டுவதற்கு மட்டும் பழக்கியிருந்தேன்.

ஒரு தடவை அவளிடம் அந்த சாஸேஜ் கதையைச் சொன்னேன். கோவேறு கழுதைப் படத்தையும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஒதெத் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மார்ச் கடைசி வாரம் இருபத்தைந்தாவது ஆண்டு மலர். புதன்கிழமை பக்கங்களை முடித்து அச்சுக்குக் கொடுக்கவேண்டும். காலையில் பாந்தேனிலிருந்து புரூஃப் கொண்டு வந்தேன். ப்ரெஸாக் எழுதிய வரலாற்றுக் கட்டுரை. அதில் 'அல்ஜீரிய நிகழ்வுகளின்போது நம் பத்திரிகை' என்று ஒரு வரி இருந்தது. ஒதெத் 'நிகழ்வுகள்' என்பதை அடித்து, ஓரத்தில் 'போர்' என்று எழுதினாள். நான் கொண்டு போனேன். அச்சகத்தில் அர்ஸேன் என்ற ஃபோர்மேன் எழுத்தை மாற்றிக் கோத்தான். பதினொரு மணிக்குப் புதுப் புரூஃபோடு வந்தேன். ப்ரெஸாக் 'போர்' என்பதை அடித்து 'நிகழ்வுகள்' போட்டார். ஒதெத் அதை அடித்து 'போர்' போட்டாள். அப்புறம் அதே சுற்று இன்னொரு தடவை. மதியம் ஒரு மணிக்கு நான் மூன்றாம் தடவை பாந்தேனுக்குப் போனபோது அர்ஸேன் என் கழுத்தைப் பிடிக்காத குறை.

"ஏன்டா, அங்க ஒரு முடிவுக்கு வரமாட்டீங்களா? இந்த ஒரு சொல்லுக்கு நான் அஞ்சு தடவை எழுத்த உருவிட்டேன். அந்தச் சண்டையவே இத விடச் சீக்கிரம் முடிச்சானுங்க!"

இரண்டு மணிக்கு ப்ரெஸாக்கே மூலை அறைக்கு வந்தார். நான் ரேடியேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மத்மசெல், உங்க வேலை காற்புள்ளி. கருத்து இல்ல."

"என் வேலை தப்பத் திருத்தறது, முசியே."

"இது தப்பு இல்ல. அரசாங்கமே அப்படித்தான் சொல்லுது."

"இந்தப் பத்திரிகை அப்படிச் சொல்லல. சொல்லாததுக்காகத்தான் போலீஸ் நாலு தடவை வந்து அள்ளிட்டுப் போச்சு. போலீஸ் வந்துச்சுன்னு நீங்களே மூணு வரி தள்ளி எழுதியிருக்கீங்க."

ப்ரெஸாக் சிரித்தார். அந்த மாதிரி ஆட்களுக்குச் சிரிக்கத் தெரியும். "அதெல்லாம் பழைய ஆளுங்க. நமக்கு இப்ப எல்லா வாசகரும் வேணும்."

அப்போது ஒதெத் என் பக்கம் திரும்பினாள். "முசியே எலுவா அங்க இருபத்தேழு மாசம் இருந்தவர். அவரையே கேளுங்க. முசியே எலுவா, நீங்க எதுல இருந்தீங்க? நிகழ்வுலயா, போர்லயா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலை ப்ரெஸாக் கையில் இருந்தது. ஜனவரியிலிருந்து மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். பாந்தேனுக்கு இனி வாடகை வண்டிக்காரர்களை வைக்கலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

நான் என் கையிலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு என்ன தெரியும், முசியே. நான் வண்டி ஓட்டறவன்."

"பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு ப்ரெஸாக் போய்விட்டார். ஒதெத் புரூஃபை மடித்து என் பையில் வைத்தாள். அதில் 'நிகழ்வுகள்' என்றே இருந்தது. என் முகத்தைப் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை.

எங்கள் நாட்டில் பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பத்திரிகை கைமாறினால், 'இது இனி என் பத்திரிகை இல்லை' என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம். ராஜினாமா என்று கணக்காகாது. முதலாளி வேலையை விட்டு எடுத்தால் என்னென்ன பணமும் உரிமையும் உண்டோ அவ்வளவும் உண்டு. மனசாட்சிக் கடிதம் என்பார்கள். புரூஃப் திருத்துகிறவர்களுக்கும் அது பொருந்தும். வண்டிக்காரனுக்குப் பொருந்தாது. வண்டிக்காரனுக்கு மனசாட்சி இருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர்கள் நினைத்ததும் சரியாகத்தான் இருந்தது.

தெர்வில் அதற்குக் கெடு வைத்திருந்தார்: மார்ச் 31, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. அதற்குள் மோன்சோ பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த தன் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் வந்து சேரவேண்டும். அதற்குப் பிறகு போகிறவர்கள் வெறுமனே வேலையை விட்டவர்கள்.

வியாழக்கிழமை காலையில் ஒதெத் ஒரு உறையை என்னிடம் நீட்டினாள். அந்த வாரம் தபால்காரர்கள் வேலைநிறுத்தம். பதிவுத் தபால் போகாது.

"உங்களுக்குச் சிரமம் இல்லன்னா இத மோன்சோவுல கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிட்டு வாங்க."

"போறீங்களா?"

"போறேன்."

"நேத்து நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நேத்துப் பேச்சு வேணாம், முசியே எலுவா. உங்களுக்கு வேலை வேணும். அது தப்பு இல்ல. தப்பு எதுன்னு எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில்."

உறையை வாங்கி உள்பையில் வைத்தேன். வண்டியை எடுத்தேன். மோன்சோ பக்கம் போகும் தெருவின் முனை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனேன். சிவப்பு விளக்கு. நின்றேன். இதைக் கொடுத்துவிட்டால் அந்த மூலை அறையில் வேறு எவளோ, எவனோ உட்காருவான். நாற்காலியில் கோப்பு அடுக்குவான். இதைக் கொடுக்காவிட்டால் ஆறு மணி தாண்டிவிடும். பிறகு அவளால் அப்படிப் போக முடியாது. அவளுக்கு நோயாளித் தகப்பனார் இருந்தார். வெறுங்கையோடு போகிற நிலை இல்லை. இருந்துவிடுவாள். என்னைத் திட்டுவாள். திட்டினாலும் அங்கேயே இருப்பாள்.

விளக்கு பச்சையானது. நான் வண்டியைத் திருப்பினேன்.

நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அதுதான். பட்டாளத்தில் செய்ததை எல்லாம் சேர்த்தே சொல்கிறேன். அங்கே சொன்னதைச் செய்தேன். இதை யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ரசீது கேட்டாள். "அங்க ஆள் இல்ல. மத்தியானம் போறேன்" என்றேன். மத்தியானம் "நேரம் கிடைக்கல" என்றேன். அவள் என்னை நம்பினாள். யாரையும் நம்பாத என்னை. ஹாம் வைத்த ரொட்டி வாங்கினேன், ஒரு கடிதான் கடித்தேன். வைன்கடையில் நின்றபடியே ஒரு கோப்பை குடித்தேன். உறை நெஞ்சுக்கு மேலே இரும்புத் தகடு மாதிரி இருந்தது.

நாலே முக்கால் மணிக்கு மேலே போனேன். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு அட்டைப் பெட்டி. அதில் அகராதி, பிஸ்கட் டப்பா, ஒரு கட்டு சிவப்புப் பென்சில்.

"வந்தீங்களா. நல்லது. உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று ஒரு பழைய இதழை எடுத்துக் கொடுத்தாள். "காப்பகத்துல மூணு நாள் தேடினேன். நீங்க சொன்ன மாசம் தப்பு. ஏப்ரல் இல்ல, ஜூன். இத எடுத்தது திருட்டு. என் வாழ்க்கையில முதல் திருட்டு, ஞாபகம் வச்சுக்குங்க."

மூன்று நாள் என்றாள். அப்படியானால் நான் அன்றைக்குத் தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிறகும் தேடியிருக்கிறாள். பிரித்தேன். கோவேறு கழுதை அப்படியே கிடந்தது. எண்ணெய்க் கறை இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே, கறுப்பு எழுத்தில், 'போர்'.

நான் உள்பையிலிருந்து உறையை எடுத்து அவள் மேசையில் வைத்தேன்.

அவள் உறையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கொடுக்கலையா?"

"இல்ல."

"அங்க ஆள் இல்லன்னது?"

"பொய். நான் போகவே இல்ல."

"ஏன்?"

சொல்லவேண்டிய வாக்கியம் என்னிடம் பன்னிரண்டு வருடமாக இருந்தது. வெளியே வரும்போது அது வேறு மாதிரி வந்தது. "இந்த நாற்காலியில வேற எவன் கோட்டையோ போடுவான்."

ஒதெத் முகம் சிவந்துவிட்டது. கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டாள்.

"முட்டாள்" என்றாள். "அஞ்சு மணியாகுது. வண்டி எங்க?"

"கீழ."

"ரெண்டு பேர் உக்காரலாமா?"

"சட்டப்படி கூடாது."

"இன்னைக்கு ஒரு திருட்டு ஆயிருச்சு. இதுவும் ஆகட்டும்."

என் தலைக்கவசத்தை அவளுக்குப் போட்டேன். கண்வரை இறங்கியது. பின்னால் சாமான் வைக்கிற கம்பிமேல் விற்காமல் திரும்பிவந்த இதழ்க் கட்டு ஒன்றை மெத்தையாக வைத்தேன். தெர்வில் படம் போட்ட அட்டை. அதன்மேல் உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள இடம் இல்லாமல் என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து, "இடது பக்கம் பஸ்! கண்ணு தெரியலையா? கைய ஏன் காட்டல?" என்று திருத்திக்கொண்டே வந்தாள்.

ஆனால் கிளிஷி சதுக்கத்துக்கு முன்னால் பாதை அடைத்திருந்தது. தபால்காரர்கள் ஊர்வலம். கொடி, தாரை, தப்பட்டை, சாஸேஜ் வறுக்கிற புகை. மணி ஐந்து இருபத்தைந்து. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். என் வயதுக்காரன் ஒருவன், மீசைக்காரன், வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பையைப் பார்த்துவிட்டான்.

"என்ன பை இது? தபாலா? நாங்க நிறுத்தி வச்சிருக்கோம், நீ ஓட்டறியா? கருங்காலி!"

"ஒரே ஒரு கடிதம்தான், தோழர்" என்று ஒதெத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னாள்.

"எல்லா கருங்காலியும் ஒரே ஒரு கடிதம்னுதான் சொல்வான், மதாம்."

"மத்மசெல். இன்னும் கல்யாணம் ஆகல" என்று அவள் திருத்தினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐந்து முப்பது. நான் அவன் கையை எடுத்துவிடப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "லெ ஃபனால்ல வேலை செய்யறவங்க இவங்க. அல்ஜீரியாவ 'நிகழ்வு'ன்னு போட்டானுங்க. இவங்க அத அடிச்சு 'போர்'னு எழுதினாங்க. மூணு தடவை எழுதினாங்க. அங்க இருந்தவன்னு என்னைச் சாட்சி கேட்டாங்க. நான் வாய மூடிட்டு நின்னேன். அதனால இவங்க விலகறாங்க. ஆறு மணிக்குள்ள கடிதம் மோன்சோவுல இருக்கணும். ஒரு நாளா இதக் கொடுக்காம வச்சிருந்தவன் நான்தான். இதுக்கு மேல என்னைத் திட்டணும்னா திட்டு, நடந்துகிட்டே திட்டு."

மீசைக்காரன் என் பக்கம் குனிந்தான்.

"அல்ஜீரியாவுல எங்க இருந்த?" என்று கேட்டான்.

"கபிலி. ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு."

"நான் ஓரான். இருபத்தெட்டு மாசம்." வண்டியின் கைப்பிடியை விட்டான். "அது என்னவாம்? நிகழ்வா, போரா?"

"போர்" என்றேன். இருபது வருடத்தில் எனக்கு நடந்ததை நான் அந்தச் சொல்லால் சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தமாக வந்துவிட்டது.

"ஆமா" என்றான் அவன். பிறகு திரும்பி, தாரை ஊதுகிறவனைத் தோற்கடிக்கிற குரலில் கத்தினான்: "வழி விடுங்கடா! மனசாட்சிக் கடிதம் போகுது! இந்த வாரம் பாரிஸ்ல பட்டுவாடா ஆகிற ஒரே தபால், வழி விடுங்க!"

வழி விட்டார்கள். ஒருவன் ஒதெத் கையில் சாஸேஜ் வைத்த ரொட்டியைத் திணித்தான். அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மோன்சோவில் ஐந்து ஐம்பத்திரண்டு. பளிங்குத் தரை. நாங்கள் நின்ற இடத்தில் குட்டை கட்டியது. வரவேற்பில் இருந்த பெண் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை வாங்க."

"கடிகாரத்தப் பாருங்க" என்றாள் ஒதெத். "இன்னும் எட்டு நிமிஷம் நீங்க வேலையில இருக்கீங்க."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டுத் தேதி முத்திரையை எடுத்தாள். ரசீது எழுதினாள். ஒதெத் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தேதி முப்பதுன்னு போட்டிருக்கீங்க. இன்னைக்கு முப்பத்தொண்ணு."

"முப்பதுன்னா உங்களுக்கு இன்னும் நல்லதுதானே, ஒரு நாள் முன்னாலயே கொடுத்த மாதிரி."

"நேத்துக் கொடுத்திருக்கணும். கொடுக்கல. முப்பத்தொண்ணு போடுங்க."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை.

வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. பூங்கா வேலிக்குப் பக்கத்தில் நின்று அந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். அவள் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"இனி புதன்கிழமை பக்கத்தையெல்லாம் எங்க கொண்டு வரட்டும்?"

"எனக்கு இனிப் பக்கம் கிடையாதே."

"அச்சானத வியாழக்கிழமை கொண்டு வரேன்."

"அச்சானதுல தப்பு இருக்குமே."

"அதுக்குத்தான்."

கண்வரை இறங்கியிருந்த தலைக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கொண்டு வா" என்றாள்.

'வாங்க' இல்லை, 'வா'. பழைய பெரியவருக்கே அவள் போடாத சொல். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், அவள் பக்கத்தில் நடந்தாள், பிகால் சதுக்கம் வரைக்கும் வண்டியை ஓட்டவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அவள் வேறு ஒரு பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் லெ ஃபனாலிலேயே இருந்தேன். எல்லோரும் கேட்டார்கள், 'அவள் விட்டுப் போன இடத்தில் நீ ஏன் இருக்கிறாய்' என்று. யாராவது வியாழக்கிழமை இதழைக் கொண்டு போக வேண்டாமா? அடுத்த வருடம் மே மாதம் கல்யாணம் செய்துகொண்டோம். பத்திரிகை இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போனது. எண்பத்தொன்றில் இடதுசாரிகள் ஜெயித்ததும் ஆறு மாதம் இடது பக்கம் கண்ணடித்தது. அப்புறம் தெர்வில் விற்றார், ஒரு வங்கி வாங்கியது, வங்கியிடமிருந்து இப்போது யாரோ தொலைபேசிக்காரர்கள். வாரம் தவறாமல் ஒதெத் அதைச் சமையலறை மேசையில் விரித்துச் சிவப்புப் பென்சிலால் திருத்துவாள். திருத்திய பக்கங்களை உறையில் போட்டு ஆசிரியருக்கு அனுப்புவாள். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு பதில்கூட வந்ததில்லை. ஒரு தடவை மட்டும் சந்தா புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதிலும் இரண்டு தப்பு.

இப்போது அவளுக்கு எண்பத்தைந்து. வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பூதக்கண்ணாடி. போன வாரம் அந்த நாலு பக்கத்தையும் முழு மாலை உட்கார்ந்து படித்தாள். நான் சூப் சூடுபண்ணினேன், ஆறியது, மறுபடி சூடுபண்ணினேன்.

"எலுவா, இங்க வா. இத நீ பாத்தியா?"

மூன்றாம் பக்கம். 'அல்ஜீரியப் போர் என்று ஆரம்பம் முதல் இன்றுவரை தயங்காமல் சொன்ன ஒரே வார இதழ் லெ ஃபனால்' என்று அச்சடித்திருந்தது.

"போர்னு போட்டுட்டாங்க" என்றேன்.

"போட்டுட்டாங்க" என்றாள். பென்சிலை நன்றாகப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. 'ஆரம்பம் முதல் இன்றுவரை' என்பதன் கீழே கோடு போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: '29 மார்ச் 1978 தவிர. சாட்சி உண்டு.'

பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடு."

போட்டேன். எலுவா பெராஷ், வண்டிக்காரன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அவள் அதைத் திருத்தவில்லை.

உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, நானே எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருமுனையில் சிவப்பு விளக்கு உண்டு. நின்றேன். பச்சை விழுந்தது. நேராகத் தபால் பெட்டிக்குப் போனேன்.